அக்குளில் வைத்த குழல்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இன்று மதியம் அந்தக் குழலின் வாய்ப்பகுதியை மூக்கருகே கொண்டுபோனேன். எலுமிச்சை வாசனை அடித்தது. பாத்திரம் கழுவும் சோப்பின் வாசனை. காற்று நுழைகிற கீற்றுக்குள் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரை விட்டு ஊதித் தள்ளிவிட்டால் மூச்சின் ஈரம் முத்துமுத்தாக நின்று அடைக்காது என்று எங்கோ கேட்டுவந்து சொன்னவன் நீ. எட்டு வருடம் வேறொருவர் வீட்டில் இருந்துவிட்டு என் கைக்குத் திரும்பியிருக்கும் குழலில் உன் கைப்பக்குவம் இன்னும் மணக்கிறது. அதைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, மாப்ள. உன் அடக்கத்துக்கு நான் வரவில்லை. ஆனால் உன்னைப் பார்த்தேன். காளவாசல் சிக்னலில் சிவப்பு விழுந்து உன் வண்டி நின்றபோது அதற்கு இடப்பக்கம் ஸ்கூட்டரில் நின்றிருந்தவன் நான். மாத்திரை வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாக மாலைகளும் உன் மூக்கு நுனியும் தெரிந்தன. பின்னால் வேனில் பள்ளிக்கூட ஆட்கள். யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். பச்சை விழுந்ததும் நீ நேராகப் போனாய். நான் இடது பக்கம் திரும்பி, மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் யாரும் இல்லை. மகளின் பிரசவத்துக்கென்று சென்னைக்குப் போன மனைவி அங்கேயே இருந்துவிட்டாள். பேரனுக்கு இரண்டு வயதாகிறது. முதலில் தினமும் போன் செய்தாள். "கேக்கலங்க, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்பாள். சத்தமாகப் பேச முடிந்தால் பேசமாட்டேனா? இப்போது செய்தி அனுப்பிக்கொள்கிறோம். சாப்பிட்டாச்சா. ஆச்சு. அதற்குப் பிறகு அடுத்த நாள்வரை இந்த வீட்டில் மின்விசிறி மட்டும்தான் பேசும்.

என் தொண்டையின் கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். இந்த உறையைப் பிரிக்கப்போகிற கை உன்னுடையது அல்ல.

தைராய்டு அறுவை சிகிச்சையில் கட்டி போனது; கூடவே ஒரு பக்கத்துக் குரல்நாணின் அசைவும் போனது. அதற்கு முன் சபைப் பாடகர் குழுவில் நான் தனியாகப் பாடுகிறவன், கீபோர்டில் நீ. அதற்குப் பின் என்னிடம் மிஞ்சியது துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம். அதை வைத்துக்கொண்டு பிளஸ் ஒன் பையன்களுக்கு இயற்பியல் நடத்தினேன். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்பெஞ்சிலிருந்து ஒரு ஒலி வரும். உள்ளங்கையைக் குவித்து அக்குளில் வைத்து முழங்கையை அடித்தால் வருமே, அந்தச் சத்தம். அதுதான் என் குரலாம். கொஞ்ச நாளில் சத்தம்கூடத் தேவைப்படவில்லை. நான் வராந்தாவில் நடந்தால் எவனாவது தன் அக்குளை இரண்டு தட்டு தட்டுவான், சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். பாடகர் குழுவில் இருந்த பழைய மாணவிகளுக்கும் அது தெரியும். அதே பள்ளியில் வாத்தியாராக இருந்த நீ இரண்டு பையன்களின் பெற்றோரை வரச்சொல்லிக் கண்டித்தாய். நான் கேட்காமலேயே செய்தாய். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துத் தலைமையாசிரியர் இடம் காலியானது. பணியில் மூத்தவன் நான். அசெம்பிளியில் நின்று பேச வேண்டிய ஆளுக்குக் குரல் வேண்டாமா என்று நிர்வாகத்தில் யாரோ கேட்டார்களாம். உனக்குக் கொடுத்தார்கள். நீ என் மேசைக்கு வந்து நின்றாய்.

"மாப்ள, நான் கேக்கல. அவுகளாத்தேன் குடுத்தாக."

"நல்லது" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு என் குரல் போதுமானதாக இருந்தது.

அதே வருடம்தான் ஒரு நாள் இடைவேளையில் போனை என் காதில் வைத்தாய். ஏதோ ஒரு குளிர்நாட்டு ஆள் முழத்துக்கும் மேல் நீளமான கறுப்புக் குழாயை வைத்துக்கொண்டு ஊதினான். நம் புல்லாங்குழல் மாதிரி தித்திப்பாக இல்லை. அடித்தொண்டையிலிருந்து, மூச்சும் கலந்து, யாரோ பக்கத்து அறையில் தனியாகப் பாடிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

"பழைய நீ மாதிரி இல்ல?" என்றாய்.

"இல்ல" என்றேன். அப்படித்தான் இருந்தது.

அதன் பெயர் லோ விசில் என்றாய். விசில் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நம் ஊரில் யாரிடமும் மரியாதையாகப் பேச முடியாது. அதைத் தேடி நாம் அலைவதைக் கேட்ட தங்கச்சி, உன் மனைவி, "ஏண்ணே, எங்க வீட்டுக் குக்கருக்கும் ஒண்ணு பாத்து வாங்கியாங்க" என்றாள். அதற்குப் பிறகு நாம் இருவரும் வெளியே கிளம்பினாலே, "எத்தன விசில் வந்தா எறக்கணும்?" என்று கேட்பாள்.

கடைகளில் கிடைக்கவில்லை. பழைய பொருள் விற்கும் ஆப்பில் நீதான் கண்டுபிடித்தாய். அவனியாபுரத்தில், விமான நிலையச் சாலையை ஒட்டி ஒரு வீடு. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறவர் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்.

"ஃப்ரிட்ஜ் பாக்க வந்தீகளா?"

"இல்லண்ணே. விசில் பாக்க."

"விசிலா?" கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தார். "இதா? மக வாங்கியாந்து குடுத்துச்சு. ஊதிப் பாத்தேன், வெறுங் காத்துதேன் வருது. ஸ்கிரீன் கம்பிக்காவது ஆகும்னு போட்டு வச்சிருந்தேன்."

"நாங்களும் அதுக்குத்தேண்ணே கேக்குறோம்" என்று நீ சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாய். அவர் சிரித்தார், விலை பாதியாகிவிட்டது. பர்ஸை எடுத்த என் கையைத் தட்டிவிட்டு நீயே கொடுத்தாய். "கிறிஸ்மஸுக்கு வச்சுக்க" என்றாய். அப்போது ஆகஸ்ட் மாதம். பதவியை எடுத்துக்கொண்டு அதற்கு ஆறுதலாக ஒரு குழாயைத் தருகிறான் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே உன் பின்னால் உட்கார்ந்து வந்தேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

குழல் இரண்டு துண்டு. வாய்ப்பகுதியை உடம்புக்குள் செருகியிருக்கும். இழுத்தால் சுருதி இறங்கும், தள்ளினால் ஏறும். அந்த இணைப்பு இறுகிக் கிடந்தது. அதே தெருவில் இருந்த லேத் பட்டறையில் நிறுத்தினோம். பட்டறைக்காரர் அதைப் பிடிகருவியில் கவ்வவைத்து ஒரு திருகு திருகினார். இணைப்பு விட்டது, ஆனால் இரும்புப் பல்லின் தடம் கறுப்புப் பூச்சில் இரண்டு வரிசையாக விழுந்துவிட்டது. நான் துளைகளுக்கு விரலை நீட்டிப் பார்த்துவிட்டு எட்டவில்லை என்றேன்.

"அதுக்கென்ன சார், இந்த ஆறையும் அடச்சிட்டுக் கிட்டக்கிட்டப் போட்டுத் தந்துர்றேன். ஒரு டீ குடிக்கிற நேரம்."

"அண்ணே, வேணாம்ணே! ஓட்ட நகந்தா பாட்டும் நகந்துரும்ணே" என்று நீ பிடுங்கிக்கொண்டாய்.

"பாட்டு எங்கிட்டுப்பா நகரும்?" என்று அவர் உண்மையாகவே கேட்டார்.

மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும் கீழக்குயில்குடிக்குப் போவோம். நீ பள்ளியின் சின்ன கீபோர்டைப் பையில் போட்டு எடுத்துவருவாய்; பேட்டரியில் ஓடக்கூடியது. சமணர் மலை அடிவாரத்தில், தாமரைக் குளத்தைத் தாண்டி, ஆள் வராத பாறைப்பக்கம் உட்காருவோம். மூன்று வாரம் நான் விரல்நுனியால் துளைகளை மூடப் பார்த்தேன். ஒன்றை மூடினால் இன்னொன்று கசியும். நீ ஏதோ வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்து, "நுனிய மறந்துரு மாப்ள. வெரல நீட்டிப் போட்டு நடுச்சதையால மூடு" என்றாய்.

"விரல் நுனியிலதான் தொடு உணர்ச்சி அதிகம்" என்று நான் பாடம் எடுத்தேன்.

"உணர்ச்சி இருக்கட்டும். ஓட்ட மூடணுமா வேணாமா?"

மூடியது. ஆனாலும் அடிச்சுரம் வரவில்லை. நான் அழுத்தி ஊதுவேன். அது மேலே தாவிக் கீச்சிடும். ஒரு கிழவி ஆடுகளை ஓட்டிக்கொண்டு தினமும் நம்மைக் கடந்து போவாள். "என்னங்க சார், இம்புட்டு நாளா ஊதுறீக, ஒரு பாட்டக்கூடக் காணமே" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போவாள். நீ சொன்னாய்: "ஊதாத மாப்ள. பெருமூச்சு விடு. அது ஒனக்கு நல்லா வருமே."

கோபத்தில் ஒரு பெருமூச்சு விட்டேன். அடிச்சுரம் வந்தது. பெரிய சத்தமில்லை. ஆனால் அது என் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அங்கே எதுவும் அதிர்ந்ததில்லை. நீ கீபோர்டைத் தொடாமல் குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நல்லவேளை, என்னைப் பார்க்கவில்லை.

பங்குனி வெயிலில், பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் திருப்பிவிடுகிற அந்த நேரத்தில், குழலின் சுருதி கீபோர்டைவிட ஏறி நின்றது. இணைப்பை அரை விரல்கடை வெளியே இழுத்துச் சேர்த்தோம். அந்த இடத்தில் நான் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். "இனிமே இத மாத்தக் கூடாது" என்று சொன்னதும் நான்தான். எனக்கு எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும்.

பெரிய வெள்ளியன்று, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மும்மணி ஆராதனையில், ஐந்தாம் வார்த்தைக்கும் ஆறாம் வார்த்தைக்கும் நடுவே எனக்கு இடம் வாங்கித் தந்தாய். குரல் இருந்த காலத்தில் வருடம் தவறாமல் நான் பாடிய சிலுவைப் பாட்டு. ஆலயத்துக்குப் புதிதாகக் குளிர்சாதனம் போட்ட வாரம் அது. அதற்கு நேர்கீழே முன்வரிசையில், குழலை மடியில் படுக்கவைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கோட்டில் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பத்துத் தடவை பார்த்திருப்பேன். கைவிரல்கள் விறைத்தன, அது பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் முறை வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு நீ கீபோர்டுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாய். பிறகு, அத்தனை பேருக்கு நடுவில், இடது கையால் உன் வலது அக்குளை இரண்டு தட்டு தட்டினாய்.

இரண்டாம் வரிசையில் பாடகர் குழுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மறுபடியும் தட்டினாய். புருவத்தை உயர்த்தி, தலையை ஆட்டி, தட்டினாய்.

எழுந்து போய் ஊதினேன். முதல் சுரமே உன் கீபோர்டுக்குக் கீழே விழுந்துகிடந்தது. பழைய பல்லில் வலி எடுத்த மாதிரி ஒரு கோணல். நீ ஏதோ பட்டனை அழுத்தினாய். கீபோர்டு அரைச் சுரம் இறங்கியது, இப்போது நான் மேலே இருந்தேன். திரும்ப அழுத்தினாய், திரும்பக் கீழே. இடையில் கீற்றில் ஈரம் அடைத்து, குழல் இருமி, நின்றேபோனது. யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ஆயர் மென்மையாக, "நாம் ஜெபிப்போம்" என்றார். சபை முழுக்கத் தலை குனிந்தது. குனியாத தலைகள் இரண்டு, உன்னுடையதும் என்னுடையதும். நீ வாயைத் திறந்து சத்தமில்லாமல் ஏதோ சொன்னாய். நான் வெளியே நடந்தேன்.

அந்தத் திங்கட்கிழமையே குழலை விற்பனைக்குப் போட்டேன். யாரோ ஒருவர், காளவாசல் சிக்னல் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வண்டியிலிருந்து இறங்காமலேயே வாங்கினார். "எங்க அக்காவுக்குங்க. நெஞ்சு சளி வந்து படுத்து எந்திரிச்சிருக்காக, மூச்சுப் பயிற்சிக்கு எதையாவது ஊதச் சொல்லிட்டாரு டாக்டரு. பலூன் ஊதமாட்டேங்குறாக" என்றார். நீ கொடுத்த பொருளை, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பலூனுக்குப் பதிலாக விற்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வாரமே இன்னொன்றும் செய்தேன். இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன். நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனதே, தலைமையாசிரியர் பள்ளியின் கீபோர்டை மாலை நேரங்களில் வெளியே கொண்டுபோகிறார், சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துகிறார் என்று. வீட்டில் டைப் செய்து, வேறு தெருவில் பிரிண்ட் எடுத்து, அனுப்பியவன் நான். அதில் ஒரு பொய் கிடையாது. கீபோர்டு வெளியே போனது உண்மை. யாருக்காகப் போனது என்பதை மட்டும் எழுதவில்லை.

விசாரணையில் நீயும் அதை மட்டும் சொல்லவில்லை. "பழகுறதுக்கு எடுத்துட்டுப் போனேன். தப்புதான்" என்றாயாம். என் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஜூனில் உன்னை நிர்வாகத்தின் வேறொரு பள்ளிக்கு, பேருந்தில் இரண்டு மணி நேரம் போகும் ஊருக்கு மாற்றினார்கள். கடிதம் டைப் செய்யப்பட்டிருந்ததால் எல்லோரும் அலுவலக கிளார்க்கைச் சந்தேகப்பட்டார்கள். தங்கச்சியும் நம்பினாள். அந்த மனிதர் ஓய்வுபெற்று, இன்றும் அதே ஆலயத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார். அவருடைய மனைவியும் தங்கச்சியும் ஒரு காலத்தில் கறிவேப்பிலை வாங்கினால்கூடப் பாதியாய்ப் பிரித்துக்கொண்டவர்கள். இப்போது தங்கச்சி அந்த வரிசையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அந்த மனிதர் ஏன் என்று கேட்காமல் காலை ஒடுக்கி வழிவிடுகிறார். எட்டு வருடமாக நான் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்து இதைப் பார்க்கிறேன்.

ஜூலையில் ஒரு காலை, காளவாசல் பேருந்து நிறுத்தத்தில் சாப்பாட்டுப் பையோடு நீ நின்றிருந்தாய். சிக்னலில் நான் சிக்கிக்கொண்டேன். நீ ஸ்கூட்டர் கைப்பிடியில் கையை வைத்தாய்.

"லெட்டர வாசிச்சேன் மாப்ள. நல்லா எழுதிருந்த."

நான் எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது போகட்டும். அன்னைக்கி ஆராதனையில ஒண்ணு சொல்ல வந்தேன், ஒனக்கு..."

பச்சை விழுந்தது. வண்டியை முறுக்கினேன். உன் கை விலகியது கைப்பிடியில் தெரிந்தது. அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. நீதான் பேசினாய்; அதையும் நான் முடிக்கவிடவில்லை.

போன வாரம், தூக்கம் வராத மதியத்தில், அதே ஆப்பில் அந்தப் படத்தைப் பார்த்தேன். கறுப்புக் குழாய், நடுவில் இரண்டு வரிசைப் பல்தடம், மேலே என் வெள்ளைக் கோடு. ஏன் போனேன் என்று கேட்காதே. காளவாசலுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர், எழுபது வயதிருக்கும். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன.

"வெரலு நீட்ட முடியல சார், அதான் குடுக்கிறேன். இல்லாட்டி குடுப்பனா? இந்த நெஞ்ச நிமித்துனது இதுதேன். ஊதிப் பாருங்க."

வாயில் வைத்தேன்.

"அய்ய, அப்படியே ஊதக் கூடாது! பச்சத்தண்ணி மாதிரி கெடக்கு, சுருதி நிக்காது, தண்ணியும் கோத்துக்கும். மொதல்ல சூடு காட்டணும்." அவர் இடது கையை வலது பக்கம் கொண்டுபோய், "இங்ஙன, அக்குள்ல வச்சுக்கங்க. அஞ்சு நிமிசம்" என்று தன் அக்குளை இரண்டு தட்டு தட்டினார்.

நான் குழலைக் கையில் பிடித்தபடி நின்றேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

"யார் சொன்னது?" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, மறுபடி கேட்டேன்.

"ஒரு வாத்தியாருங்க. வாங்கின புதுசுல ஒண்ணும் புரியாம, இங்ஙன மியூசிக் கடையில கொண்டுபோயிக் கேட்டேன். எங்களுக்குத் தெரியாது, கீபோர்டு வாசிக்கிற வாத்தியார் ஒருத்தரு தெரிஞ்சு வச்சிருப்பாருன்னு போனப் போட்டு வரச்சொன்னாக. வந்தாரு. பாத்ததும் அந்தப் பல்லுத் தடத்தையே தடவிக்கிட்டு இருந்தாரு. எனக்கே குடுத்துருங்கக்கான்னாரு. நான் குடுக்கல. சரி, அப்ப ஒழுங்கா ஊதப் படிச்சுக்கங்கன்னு நாலு சனிக்கெழம வந்து சொல்லிக்குடுத்தாரு. சோப்பு விடுறது, சூடு காட்டுறது எல்லாம் அவரு சொன்னதுதேன். முன்ன வச்சிருந்தது யாருன்னு கேட்டேன். என் கூட்டாளிக்கா, குளுருல வச்சு ஊதிட்டான், நான் மொதல்லயே சொல்லிருக்கணும், ஊதப் போறப்ப சைகையில சொன்னா அவனுக்கு எப்படிப் புரியும்னாரு. விக்கிறன்னைக்கி எனக்கு ஒரு போனு போடுங்கன்னும் சொன்னாரு. போன மாசம் போட்டேன். வீட்டம்மா எடுத்தாக. அவரு இல்லைன்னுட்டாக."

சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். பேரம் பேசி வாங்கத் தெரிந்தவன் நீ.

மாப்ள, நான் இயற்பியல் வாத்தியார். வெப்பநிலை குறைந்தால் காற்றில் ஒலியின் வேகம் குறையும், குழாயின் சுருதி இறங்கும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியவன். ஆய்வகத்தில் குழாயை வைத்துக்கொண்டு பரிசோதனை செய்யும்போது அறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளாத பையனுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தவன். கொதிக்கிற பாறையில் போட்ட கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, குளிர்சாதனத்துக்குக் கீழே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இறங்கிய சுருதி அரைச் சுரத்துக்கும் உள்ளே விழுந்திருக்கும். எந்தப் பட்டனை அழுத்தி நீ என்னிடம் வந்து சேர்ந்திருக்க முடியும்? மேலே ஒரு தடவையும் கீழே ஒரு தடவையும் நீ என்னைத் தேடியிருக்கிறாய். நான் அதை, என்னைப் பள்ளத்தில் தள்ளிவிடுவதாக நினைத்தேன்.

இதற்காக உன் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். ஏன் என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டவில்லை? சிக்னல் நடுவில்தான் சொல்ல வேண்டுமா? அந்தச் சைகையைத் தவிர வேறு சைகையே கிடைக்கவில்லையா உனக்கு? விசாரணையில் என் பெயரைச் சொல்லியிருந்தால், நானும் நீயும் ஒருநாள் நன்றாகச் சண்டை போட்டு, கீழக்குயில்குடியில் உட்கார்ந்து முடித்திருப்போம். நீ நல்லவனாக இருந்துவிட்டாய். அது எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. பார், இன்னும் குற்றத்தை உன் பக்கமே தள்ளிக்கொண்டிருக்கிறேன். இது என் பழக்கம். எழுதும்போதுகூடப் போக மாட்டேன் என்கிறது.

நேற்று தனியாகக் கீழக்குயில்குடிக்குப் போனேன். ஆட்டுக் கிழவி இல்லை. பாறையில் உட்கார்ந்து குழலை அக்குளில் வைத்துக்கொண்டேன். அந்த வெயிலில் அதற்குத் தேவையே இல்லை, ஆனாலும் வைத்துக்கொண்டேன். உலோகம் மெல்ல என் உடம்பின் சூட்டுக்கு வந்தது. ஐந்து நிமிடத்தில் அது எங்கே முடிகிறது, நான் எங்கே தொடங்குகிறேன் என்று தெரியவில்லை. பிறகு பெருமூச்சு விட்டேன். அடிச்சுரம் வந்தது. பக்கத்தில் கீபோர்டு இல்லாததால் அது சரியான சுருதியா என்று பார்க்க வழியில்லை. இனி எனக்குத் தெரியப்போவதும் இல்லை.

உறையில் உன் பெயரையும் உன் வீட்டு விலாசத்தையும் எழுதிவிட்டேன். தங்கச்சிதான் பிரிப்பாள். பிரிக்கட்டும். அந்த கிளார்க் எழுதவில்லை, நான் எழுதினேன் என்பதை அவள் படிக்க வேண்டும். வருகிற ஞாயிறு கடைசி வரிசையைக் கடக்கும்போது அவள் முகத்தைத் திருப்பாமல் போனாலே போதும். மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துத் திருப்பிக்கொள்ளட்டும்.

முதல் கடிதத்தில் பெயர் போடாதது பயத்தால். இதில் யாரிடமிருந்து மறைக்க? தொண்டை, விசில், கீழக்குயில்குடி என்று படித்ததுமே அவளுக்கு ஆளைத் தெரிந்துவிடும். ஆனால் கீழே பெயரைப் போட்டால், பதில் போடு என்று கேட்கிற மாதிரி ஆகும். மன்னித்தேன் என்று எழுத வேண்டிய வேலையை அவள் தலையில் வைக்கிற மாதிரி ஆகும். அந்த உரிமை எனக்கு இல்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதியில் குழலை எடுத்து இடது அக்குளில் வைத்துக்கொண்டேன்; இதுவரை அங்கேதான் இருக்கிறது. சூடாகிவிட்டது. உறையை ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. தெருமுனைத் தபால்பெட்டியை நான்கு மணிக்குத் திறப்பார்கள். அதற்குள் போய்ப் போட வேண்டும். பெயர் எழுதவில்லை. உனக்கு முதல் கடிதத்திலேயே என்னைத் தெரிந்தது.